எண்பதோடு நிறுத்தச் சொன்னவர்

மழை வரும் என்று டிவியில் சொல்வதற்குள் அவருடைய போன் வந்துவிடும். "ஏனுங்க, சாப்ட்டாச்சுங்களா? ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா? வண்டி எப்படி இருக்குதுங்க?" இந்த மூன்றையும் இதே வரிசையில் கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். மலையில் ரெண்டு நாளைக்கு மழை இருக்கிறது, டயரில் காற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். வைப்பர் ரப்பர் வெயிலில் காய்ந்திருக்கும், மாற்றிவிடுங்கள். கோடை விழாக் கூட்டம் இறங்குகிற நாள், மத்தியானத்துக்கு மேல் சேலம் கிளம்பாதீர்கள். சொல்லி முடித்ததும் "வெச்சரட்டுங்களா?" என்று கேட்பார். அந்தப் பக்கம் வைத்த பிறகுதான் தானும் வைப்பார்.

சேலம் பைபாஸ் மேல் ஒரு சொகுசுக் கார் ஷோரூமில் அவர் விற்பனைப் பிரிவில் மூத்தவர். நூறு வருஷப் பெயர் கொண்ட கம்பெனி. ஏற்காட்டு மலையில் அந்தப் பெயர் போட்ட வண்டி எத்தனை ஓடியதோ, அத்தனையும் அவர் கையால் சாவி கொடுத்தவை. காபித் தோட்டக்காரர்கள், ரிசார்ட் வைத்திருப்பவர்கள், மிளகு வியாபாரிகள், எல்லோருக்கும் போன். நானும் அதே ஷோரூமில் ஏழு வருஷம் வேலை பார்த்தேன். அவருக்கு 'வானிலை அறிக்கை' என்று பட்டப்பெயர் வைத்தது நான்தான். அது அவர் காதுக்குப் போனபோது, "நல்லாத்தான் இருக்குது" என்று சிரித்தார்.

எனக்கு அந்தப் பழக்கம் எரிச்சலாக இருக்கும். அதை மறைத்ததும் இல்லை. விற்ற வண்டி விற்றதுதான். மாலை போட்டு, பூசணிக்காய் சுற்றி, போட்டோ எடுத்து அனுப்பிவிட்டால் அதற்கு மேல் சர்வீஸ்காரர்கள் பாடு. இந்த மனுஷன் என்னடாவென்றால் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் விற்ற வண்டிக்கு இன்னும் டயர் விசாரித்துக்கொண்டிருப்பார். "சார், இந்த நேரத்துக்கு நீங்க ரெண்டு புது வண்டி வித்திருக்கலாம்" என்பேன். "வித்திருக்கலாங் கண்ணு. இவரு வண்டி நல்லபடியா மலை எறங்கோணுமில்ல" என்பார். அவருடன் வாதாடி யாரும் ஜெயித்ததில்லை, ஏனென்றால் அவர் வாதாடவே மாட்டார்.

ஒரு கல்யாணத்தில் நடந்ததைச் சொன்னால் ஆள் எப்படி என்று புரியும். வாடிக்கையாளர் வீட்டுக் கல்யாணம், சேலத்தில் பெரிய மண்டபம். ஷோரூமிலிருந்து ஆறு பேர் போயிருந்தோம். பந்தியில் உட்கார்ந்தால் இவரை மட்டும் காணோம். இலை போட்டாகிவிட்டது, பாயசம் வந்தாகிவிட்டது. அப்போது மண்டபத்து செக்யூரிட்டி இவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே வருகிறார். நிறுத்தி வைத்திருந்த கார்களுக்கு நடுவே குனிந்து குனிந்து போய்க்கொண்டிருந்தாராம், காற்றைப் பிடுங்கி விடுகிறவர் என்று பிடித்துவிட்டார். எல்லோரும் பேனா வைக்கிற சட்டைப் பையில் இவர் காற்று அளக்கிற கருவி வைத்திருப்பார். அதுவும் சேர்ந்து மாட்டிவிட்டது. பெண்ணின் அப்பா பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏனுங்க, கல்யாண ஊட்லயுமா?" என்றார்.

"பின்னாடி எடப்பக்கம் காத்து கம்மியா இருக்குதுங்க. மறுவீட்டுக்கு மலைக்குப் போறீங்கல்ல, அதானுங்க" என்றார் இவர்.

நான் சிரித்த சிரிப்பில் பாயசம் புரையேறிவிட்டது. பெண்ணின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. டிரைவரைக் கூப்பிட்டு, "மொதல்ல போயி காத்து புடிச்சுட்டு வா" என்று அனுப்பினார்.

இத்தனைக்கும் அவரிடம் சொந்தமாகக் கார் கிடையாது. பழைய மொபெட்டில்தான் வருவார். இன்னொரு வேடிக்கை, அவருக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது. ஏற்காடு ஏறும் இருபது கொண்டை ஊசி வளைவில் ஏழெட்டு தாண்டுவதற்குள் முகம் வெளிறிவிடும். வாழ்நாள் முழுக்க மலைக்காரர்களுக்குக் கார் விற்றவர், கையில் எலுமிச்சம்பழத்தை வைத்து மோந்துகொண்டேதான் மேலே போவார். நான் நாகலூரில் பிறந்தவள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தபடியே இந்த மலையை ஏறி இறங்கியவள். அவர் எலுமிச்சம்பழத்தை எடுக்கும்போதெல்லாம் நான் வேண்டுமென்றே அப்போது சாப்பிட்ட பிரியாணியைப் பற்றிப் பேச ஆரம்பிப்பேன். "சாமி, சித்த சும்மா இரு" என்று கும்பிடுவார்.

அப்புறம் எலெக்ட்ரிக் கார்கள் வந்தன. எங்களிடம் இருந்த ஜம்பமெல்லாம் ஒரே வருஷத்தில் ஆட்டம் கண்டது. நாங்கள் தோல் சீட்டையும் தேக்குப் பலகை மாதிரி பளபளக்கும் டேஷ்போர்டையும் இன்ஜினின் உறுமலையும் காட்டி விற்றோம். அவர்கள் சத்தமே இல்லாததைக் காட்டி விற்றார்கள். பிறந்து பத்து வருஷம் ஆகாத கம்பெனி, எங்கள் வண்டியின் விலைக்கே வண்டி, வளைவில் மிதித்தால் எங்கள் வண்டி மூச்சு வாங்கும் இடத்தில் அது சீறிக்கொண்டு ஏறும். பங்க்குக்காக டவுனுக்கு ஓட வேண்டாம், வீட்டு ஷெட்டிலேயே சார்ஜ். எங்கள் மேனேஜர் முதலில் "பொம்மை வண்டி" என்று சிரித்தார். மூன்றாவது மாதம் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கத்த ஆரம்பித்தார்.

அந்த எலெக்ட்ரிக் கம்பெனி சேலத்தில் ஷோரூம் திறந்தபோது என்னை அழைத்தார்கள். பெரிய பதவி, தனி அறை. போகிறேன் என்று அவரிடம் சொன்னபோது கோபப்படுவார் என்று நினைத்தேன். "நல்ல வண்டின்னுதாங் கேள்விப்பட்டேன். போயிட்டு வா கண்ணு" என்றார். திறப்பு விழா அன்று எதிர்க் கம்பெனி யூனிஃபார்மிலேயே ஒரு கிலோ மைசூர்பாக்கோடு வந்து நின்றார். எங்கள் ஆட்களுக்கு உளவு பார்க்க வந்துவிட்டாரோ என்று சந்தேகம். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"இந்த வண்டியோட பொஸ்தகம் ஒண்ணு குடு கண்ணு."

காரோடு கொடுக்கும் கையேட்டை யாரும் படிக்க மாட்டார்கள். விற்கிற நானே முழுக்கப் படித்ததில்லை. அவர் அதை வாங்கிப்போய், பென்சிலால் கோடு போட்டு, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். எதற்கு என்று கேட்டால், "நம்ம ஆளுங்க நாலு பேராவது இதுக்கு மாறுவாங்க. வண்டியப் பத்திக் கேட்டா நான் முழிக்கக் கூடாதில்ல" என்றார். இந்தக் கதையை நான் மலையில் எல்லா வீட்டிலும் சொல்லிச் சிரித்தேன்.

அவர் சொன்ன நாலு பேரில் முதல் ஆள் தலைச்சோலைக்காரர். தலைச்சோலையில் காபித் தோட்டம், பெரிய வீடு. இருபது வருஷமாக இவரிடம்தான் வண்டி, மூன்று வண்டி மாற்றியிருந்தார்கள். எங்கள் வண்டியை ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டவர் ஒரு நிபந்தனை போட்டார். "அவரையும் கூட்டிக்கங்க. அவரு பாத்துச் சொல்லட்டும்." எதிர்க் கம்பெனிக்காரரை எங்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதா? எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. இவர் எலுமிச்சம்பழத்தோடு பின் சீட்டில் ஏறினார். தலைச்சோலைக்காரர் ஓட்ட, அவர் மனைவி முன்னால் உட்கார, நான் இவர் பக்கத்தில். அடிவாரத்திலிருந்து கிளம்பினோம். ஒன்பதாவது வளைவில் நிறுத்தச் சொல்லி, இறங்கி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார்.

வாய் கொப்பளித்துவிட்டு வந்தவரிடம் தலைச்சோலைக்காரர், "எப்படிங்க இருக்குது வண்டி?" என்றார். ஒரு வார்த்தை குறை சொல்லியிருந்தால் போதும், அன்றைக்கு என் வியாபாரம் கெட்டிருக்கும்.

"வண்டி நொம்ப நல்லா இருக்குதுங்க. நாந்தான் சரியில்லை" என்றார்.

அந்த வாரமே பதிவு செய்துவிட்டார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருடைய மேனேஜர் எல்லோர் முன்னாலும் அவரை வாய்க்கு வந்தபடி பேசியதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன். நான் ஒரு போன் போட்டு நன்றிகூடச் சொல்லவில்லை. வண்டி கொடுத்த அன்று தலைச்சோலைக்காரரிடம், "சார், இனிமே எல்லாம் நாங்க பாத்துக்கறோம். பழைய கம்பெனிக்காரங்க போன் பண்ணி ஏதாச்சும் குழப்பிட்டே இருப்பாங்க" என்று வேறு சொன்னேன். அவரும் சங்கோஜத்தோடு இவரைக் கூப்பிட்டு, "இனிமே இந்த வண்டிக்கு நீங்க மெனக்கெட வேண்டாங்க, அந்தப் புள்ள பாத்துக்குமாமா" என்று சொல்லிவிட்டார். "சரிங்க" என்றிருக்கிறார் இவர். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு, அந்த வீட்டுக்கு மட்டும் போன் நின்றது.

அதே சமயத்தில்தான் அவருடைய ஷோரூமில் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். எலெக்ட்ரிக் கார் மலையில் பாதியில் நின்றுவிடும், மழையில் தீப்பிடிக்கும், இடி விழும் என்று என்னென்னவோ எழுதி, வாடிக்கையாளர்களுக்கு அனுப்பச் சொல்லி எல்லா விற்பனையாளர்களுக்கும் கொடுத்தார்கள். மலைக்காரர்களின் வாட்ஸப் குழுக்களில் அது சுற்றாத நாள் இல்லை. இவர் ஒருவருக்கும் அனுப்பவில்லை. ஆனாலும் அந்தக் கம்பெனியிலிருந்து யார் வாயைத் திறந்தாலும் பொய் என்கிற நிலைமை வந்துவிட்டது. அதை ஊதிப் பெரிதாக்கியதில் எனக்கும் பங்கு உண்டு. "வயித்தெரிச்சல்ல சொல்றாங்க சார்" என்பது அப்போது என் வாயில் எந்நேரமும் இருந்த வாக்கியம். ரெண்டு வருஷம் கழித்து அதே கம்பெனி தானும் எலெக்ட்ரிக் கார் கொண்டுவந்து கூசாமல் விற்றது, அது வேறு கதை.

ஆறு மாதம் கழித்துத் தலைச்சோலைக்காரர் எனக்கு போன் செய்தார். "ஏம்மா, சார்ஜ் எண்பதுலயே நின்னுக்குதே? நூறு வரைக்கும் ஏறாதா?" பேட்டரியின் ஆயுளுக்காக எங்கள் ஆட்கள் எண்பதில் நிற்கும்படி வைத்துக் கொடுப்பது வழக்கம். மலையில் இருக்கிறவர்களுக்கு டேங்க் நிறையாமல் கீழே கிளம்பினால் மனசு கேட்காது, என் அப்பாவும் அப்படித்தான். "ஏறுமே சார். ஸ்கிரீன்ல அந்தக் கோட்டை மேல இழுத்து விடுங்க, அவ்ளோதான்" என்றேன். அவர் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார்.

அந்த வீட்டுத் தோட்டக் கணக்கு எழுதுகிற ரைட்டர் இந்தச் சங்கதியை ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் இவரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலமே எனக்கு போன்.

"சாப்ட்டியா கண்ணு? ஊட்ல எல்லாரும் சௌக்கியமா? வண்டியெல்லாம் எப்படிப் போகுது?" மூன்றும் முடிந்தது. "தலைச்சோலைக்காரரு வண்டிய நூறு வரைக்கும் ஏத்தறாராமே. வேண்டாம்னு சொல்லு. மேல இருந்து ரொப்பிக்கிட்டு மலை எறங்கக் கூடாது. உங்க பொஸ்தகத்துலயே போட்டிருக்குது, பாரு. மொதல் நாலஞ்சு வளைவு புடிக்கும், அதுக்குள்ள ரொம்பிரும். அப்பறம் புடிக்காது. பாதியில கைய உட்ரும். எண்பதோட நிறுத்தச் சொல்லு."

அவர் சொன்னது இதுதான். எங்கள் காரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் வண்டியைப் பிடித்து இழுக்கும். அப்போது உண்டாகிற மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிப் போகும். அதனால் மலை இறங்கும்போது பிரேக்கைத் தொடவே தேவை இருக்காது. பேட்டரி நிறைந்துவிட்டால் அந்த மின்சாரம் போவதற்கு இடம் இல்லை, அந்தப் பிடிப்பும் இருக்காது. பிரேக் இருக்கிறது, மிதித்தால் நிற்கும். ஆனால் ஆறு மாதமாக பிரேக்கையே மறந்துபோன காலுக்கு அது அந்த நிமிஷத்தில் ஞாபகம் வர வேண்டும். சமவெளியில் இருக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. மேலே வீடு, மேலேயே சார்ஜ், கிளம்பினால் இறக்கம் என்று வாழ்கிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும்தான்.

"நீங்களே சொல்லலாமே சார்" என்றேன்.

"என்னையப் போன் பண்ண வேண்டாம்னுட்டாரு. நேர்ல போனா எங்க கம்பெனி சொல்லி உட்டுதுன்னு நெனைப்பாங்க. இப்ப நாங்க சொன்னா மழை ஈரம்னாக்கூட நம்ப மாட்டாங்க. நீ சொன்னா கேப்பாங்க. மறக்காமச் சொல்லிப்போடு சாமி."

"சரிங்க சார்" என்றேன். சொல்லவில்லை.

மறந்துபோய் இல்லை. ரெண்டு நாள் கழித்து அதே வீட்டில் அவர்கள் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வாரம் தலைச்சோலைக்காரருடைய தம்பி எங்கள் வண்டியைப் பதிவு செய்வதாக இருந்தார். மாதக் கடைசி, அந்த ஒரு வண்டி இருந்தால் என் இலக்கு முடியும். பேச்சு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அப்போது தம்பி கேட்டார், "வாட்ஸப்புல என்னென்னமோ வருதே, நெசமாலுமே மலைக்கு ஒரு கொறையும் இல்லீங்களா?"

"ஒண்ணுமே இல்லைங்க" என்றேன்.

தம்பி பதிவு செய்யட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வியாழக்கிழமை பதிவு செய்தார். சரி, அடுத்த வாரம் பேப்பரில் கையெழுத்து வாங்கப் போகும்போது அண்ணனிடம் பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்று மனசு அடுத்த சாக்குக்குப் போனது.

சனிக்கிழமை காலையில் தூறல். சேலத்தில் ஒரு வளைகாப்புக்குத் தலைச்சோலைக்காரரும் மனைவியும் கிளம்பினார்கள். சார்ஜ் நூறு. மேலிருந்து ஆறாவது வளைவில், ஏறி வந்த பஸ்ஸுக்கு வழி விடக் காலை எடுத்திருக்கிறார். வண்டி பிடிக்கவில்லை. கால் பிரேக்கைத் தேடிப் போவதற்குள் பஸ் எதிரே வந்துவிட்டது. ஸ்டீயரிங்கை ஒடித்ததில் பாறையில் மோதியது. அந்த அம்மாவுக்குத் தொடை எலும்பு முறிந்தது. தலைச்சோலைக்காரர் அங்கேயே போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். அதற்குள் எங்கள் கம்பெனி விசாரித்து முடித்திருந்தது. வண்டியில் கோளாறு இல்லை, முழு சார்ஜில் மலை இறங்குவது பற்றிக் கையேட்டில் போட்டிருக்கிறது என்று குடும்பத்துக்கு எழுதியும் கொடுத்துவிட்டார்கள். கூடத்தில் சொந்தபந்தமெல்லாம் உட்கார்ந்திருந்தது. கட்டுப் போட்ட காலை நீட்டி அந்த அம்மா நாற்காலியில் இருந்தார். நான் பக்கத்தில் நின்றிருந்தபோது இவர் உள்ளே வந்து கும்பிட்டார். அந்த அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க, ஊரு பூராவும் போன் பண்ணுவீங்களே. மழைக்குப் பண்ணுவீங்க, டயருக்குப் பண்ணுவீங்க. நீங்க அந்தப் பொஸ்தகத்த வாங்கிட்டுப் போயி வரி வுடாமப் படிச்சீங்கன்னு இந்தப் புள்ளதான் எங்களுக்குச் சொல்லுச்சு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குது. வண்டி மாத்திட்டோம்னு வன்மமுங்களா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா எங்கூட்டுக்காரரு இருந்திருப்பாரில்லீங்க?"

கூடத்தில் அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வாயைத் திற, திற என்று எனக்குள் ஒரு குரல் கத்துகிறது, நான் திறக்கவில்லை. பாவி நான், அப்போதும் எனக்கு வேலையும் பெயரும்தான் கண்முன் வந்தது.

"தப்புதானுங்கம்மா" என்றார் அவர். "சொல்லியிருக்கோணும். உட்டுட்டேனுங்க."

"போயிருங்க" என்றார் அந்த அம்மா. "இனி இந்த வாசப்படி மிதிக்காதீங்க."

அவர் மறுபடியும் கும்பிட்டுவிட்டு, பந்திக்கு உட்காராமல், நாகலூர் ரோட்டில் பஸ்ஸுக்கு நடந்து போனார். நான் எங்கள் கம்பெனிக் காரில் அவரைத் தாண்டித்தான் இறங்கினேன். நிறுத்தச் சொல்லவில்லை. அவர் கையில் எலுமிச்சம்பழம் இருந்தது.

அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. யாருக்கும் போன் வரவில்லை. முதலில் கிண்டலாகக் கேட்டார்கள், "என்னம்மா, உங்க வானிலை அறிக்கை இந்த வருசம் காணோமே?" அப்புறம் கவலையாகக் கேட்டார்கள். செம்மநத்தத்தில் ஒரு பெரியவர் தானே அவருக்குக் கூப்பிட்டு, "ஏனுங்க, டயர் மாத்தட்டுங்களா வேண்டாமுங்களா?" என்று கேட்டாராம். "ஷோரூம்ல கேட்டுக்கங்க" என்று சொல்லி வைத்துவிட்டாராம். அந்தப் பக்கம் வைக்கிற வரைக்கும் காத்திருக்கிறவர், இந்தத் தடவை தானே முதலில் வைத்திருக்கிறார்.

ஒரு தடவை நானே அவரைத் தேடிப் போனேன். ஷோரூமுக்குப் பின்னால் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார். காற்றுக் கருவி இருந்த சட்டைப் பையில் இப்போது பேனா இருந்தது. என்ன பேசுவதென்று ஏழெட்டு நாள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனவள், அவரைப் பார்த்ததும் அழுதுவிட்டேன்.

"ஏன் சார் என்னைக் காட்டிக் குடுக்கல?"

அவர் எனக்கும் ஒரு டீ சொன்னார். "எங்க பேச்சத்தான் மலையில யாரும் நம்பறதில்லைன்னு ஆயிப்போச்சு. உன் பேச்சையும் நம்பாமப் போயிட்டா, அப்பறம் அவங்களுக்கு வண்டியப் பத்திச் சொல்றதுக்கு யாரு இருக்கறாங்க?" என்றார். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அந்தத் தம்பிகிட்டயாவது எண்பதோட நிறுத்தச் சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

"அவருக்கு மட்டுமில்ல சார், மலையில எங்க வண்டி வாங்குன எல்லாருக்கும் நேர்ல போய் சொல்லிட்டேன்."

"அப்பச் சரி" என்றார். அவர் முகத்தில் நிஜமாகவே ஒரு நிம்மதி தெரிந்தது. என்னை ரெண்டு அறை அறைந்திருந்தால் எனக்கு அது லேசாக இருந்திருக்கும்.

"அந்த அம்மாகிட்டப் போய் உண்மையச் சொல்லிடறேன் சார்."

"சொல்றதும் சொல்லாததும் உன்னோட இஷ்டங் கண்ணு. நான் சொல்லுன்னும் சொல்ல மாட்டேன், வேண்டாம்னும் சொல்ல மாட்டேன்."

இந்த வாரம், அடுத்த வாரம் என்று ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டினேன். தலைச்சோலை போகிற ரோட்டில் பாதி தூரம் போய்த் திரும்பியிருக்கிறேன். நாகலூரில் அம்மாவைப் பார்க்கப் போகிற சாக்கில் அந்த வீட்டு கேட் வரைக்கும் ஒரு தடவை போனேன். உள்ளே அந்த அம்மா ஊன்றுகோலோடு மெல்ல நடந்து பழகிக்கொண்டிருந்தார். ரிவர்ஸ் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

போன மாதம் ஒரு காலையில் பழைய ஷோரூமிலிருந்து அவரைப் பற்றிச் செய்தி வந்தது. மாரடைப்பு. குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம்.

அவர் வீடு சேலத்தில் ஒரு குறுகலான சந்தில் இருக்கிறது. சந்து முனையிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் கார்கள். அவர் விற்ற பெட்ரோல் வண்டிகள், அவரை விட்டு மாறிப்போனவர்கள் வாங்கிய எலெக்ட்ரிக் வண்டிகள், பன்னிரண்டு வருஷப் பழசு, ஷோரூமிலிருந்து முந்தின வாரம் வந்த புதுசு. மலை மொத்தமும் இறங்கி வந்திருந்தது. செம்மநத்தம் பெரியவர் சின்னக் குழந்தை மாதிரி விசும்பிக்கொண்டிருந்தார். இறந்துபோனவருடைய சம்சாரத்தின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த அம்மாள் வந்தவர்களையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எல்லாரும் வந்துட்டாங்க கண்ணு" என்றார். "தலைச்சோலையம்மா மட்டும் வரலை. இவரு கடைசி வரைக்கும் அதையே சொல்லிட்டிருந்தாரு. அந்த ஊட்டு வாசப்படி நம்மளுக்கு இல்லாமப் போச்சேன்னு. என்ன தப்புப் பண்ணுனாருன்னு எங்கிட்டச் சொன்னதேயில்ல."

அதற்கு மேல் அங்கே என்னால் உட்கார முடியவில்லை. ஆனாலும் அன்று போகவில்லை, மறுநாளும் போகவில்லை. மூன்றாம் நாள் காலையில் பஸ் பிடித்துத் தலைச்சோலைக்குப் போனேன்.

அந்த அம்மா கூடத்தில் அதே நாற்காலியில் இருந்தார். உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ரைட்டர் சொல்லி அவருக்குத் தெரிந்தது, அன்று சாயங்காலமே எனக்கு போன் பண்ணியது, எண்பதோடு நிறுத்தச் சொன்னது, இதே கூடத்தில் அவர்கள் போட்ட காபியைக் குடித்துக்கொண்டே நான் வாயை மூடிக்கொண்டது, காரியத்தன்று அவர் என் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு போனது. ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

அவர் கத்துவார், அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். கையில் கிடைப்பதை எடுத்து எறிந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன். 

"அவரு எறந்து ரெண்டு மூணு நாளிருக்குமில்ல?" என்று கேட்டார்.

"மூணு நாளாச்சுங்க."

"எனக்குச் சேதி வந்துது. நாந்தான் போகல. போறதுக்கு என்ன இருக்குதுன்னு உக்காந்துட்டேன்." முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது.  "எங்கூட்டுக்காரரு போனதக்கூட விதின்னு தாங்கிக்கிட்டேன் கண்ணு. ஒரு நாலு நாளைக்கு முன்னாடி நீ வந்து இதச் சொல்லியிருந்தா, நான் போயி அந்த மனுசன் கால்ல உழுந்திருப்பனே. இனி நான் யாருகிட்டப் போயி மன்னிப்புக் கேக்கறது?"